சுவர் தாங்கும் கூரை

புகைக்கூடத்தில் இருந்தவர்கள்: பத்துமலை, அவர் மனைவி நவமணி, மகனின் கூட்டாளி சுரேன், மகன் கட்டிய விமானம்.

மகன் பவித்ரன் இல்லை. போன மாதம் புந்தோங்கில் லாரி அடித்துப் போய்விட்டான்.

மூடிப்போன ரப்பர் தோட்டத்தில் ரப்பர் தகடுகளைப் புகைபோட்டு உலர்த்திய கூடம் அது. அடுத்த வாரம் இடிக்கிறார்கள். அதற்குள் விமானத்தை வெளியே எடுத்து, பவித்ரன் படித்த தொழிற்கல்லூரியில் வைக்க ஏற்பாடு செய்திருந்தான் சுரேன்.

ஒரே ஆள் உட்காரும் விமானம். வரைபடம் வாங்கி, பலகையும் துணியும் பசையுமாக வருடக்கணக்கில் பவித்ரன் கட்டியது.

"என்னா தம்பி, பிளேன் வளக்குறியாமே. முட்டை போடுமா?" என்பார்கள் காப்பிக்கடையில். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

இறக்கையைக் கழற்றினாலும் உடம்பு கதவில் நுழையாது. அது முதலிலேயே தெரிந்ததுதான். நீ முடி, முன்சுவரை நான் உடைத்துத் தருகிறேன் என்று பத்துமலை சொல்லியிருந்தார். ஆயுள் முழுக்கக் கொத்தனார்.

முடித்த அன்று சுவரைத் தட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். இதைத் தொட்டால் கூரை மொத்தமாக உட்கார்ந்துவிடும் என்றார்.

பவித்ரன் நம்பினான். கொத்தனார் சொன்னால் சொன்னதுதான். விமானத்தின் மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு வந்து படுத்தான்.

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் பத்துமலைதான் புது மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்.

லாரி அடித்தபோது அதில்தான் போய்க்கொண்டிருந்தான்.

இன்று முன்சுவரை உடைக்க வந்த சுரேன், சம்மட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தான். முக்காலிமேல் ஏறி நின்று, சுவருக்கும் விட்டத்துக்கும் நடுவே கையை விட்டான். முழங்கை வரை போனது.

"அங்கிள், கூரை தூண்மேல நிக்குது லா. இது சும்மா மறைப்புச் சுவரு. உடைக்க முடியாதுன்னு எவன் சொன்னான்?"

பத்துமலை விமானத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சீட்டுதான இருக்கு," என்றார். "மேல பறக்குறப்ப ஏதாச்சும் ஆனா, அவன் பக்கத்துல யாரு இருப்பா?"

நவமணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே நடந்தாள்.

சுரேன் சம்மட்டியை ஓங்கினான். நாலைந்து அடியில் செங்கல் சரிந்து வெயில் உள்ளே வந்தது.

கூரை அசையவில்லை.

ஓட்டை வழியே எதிரே அவர்கள் வீடு தெரிந்தது. நவமணி படியேறி உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். பட்டப்பகலில், உள்ளிருந்து பூட்டினாள்.