நாய்க்கூண்டின் உள்பக்கம்

தாம் குடியிருக்கும் மோட்டார்வண்டியின் முன்னிருக்கைகளுக்கு நடுவே எஞ்சினை மூடியிருந்த பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்து, அதனுள் கருகியிருந்த பழைய நுரைப்பஞ்சை வெர்லின் சுரண்டிக்கொண்டிருந்தார். இப்படி வண்டியையே வீடாக்கியவர்கள் தங்கும் அந்த அரிசோனா முகாமில் அந்தப் பெட்டிக்கு நாய்க்கூண்டு என்று பெயர். மனைவியிடம் வசவு வாங்கிய கணவன் இருக்குமிடத்துக்கும் கேலியாக அதே பெயர்தான்.

"மறுபடியும் நாய்க்கூண்டா? டோரீன் என்ன சொல்லித் துரத்தினா?" என்று சிரித்தார் பக்கத்து வண்டி ராய்ஸ்.

"சூடும் சத்தமும் உள்ள வரக் கூடாதுப்பா. ரெண்டு அடுக்கு ஒட்டறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? எஞ்சின் கத்தறதாலதான் அவ திட்டறது காதுல விழாம பொழைச்சுக் கெடக்கறே. இத்தனை வருசமா இல்லாத அவசரம் இன்னைக்கு என்ன?"

வெள்ளித்தாள் பதித்த புது நுரைப்பஞ்சை உள்ளங்கையால் அழுத்தியபடியே வெர்லின் சொன்னார்:

"விடிஞ்சா ஃபீனிக்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறோம். கேன்சர். அவ குரல்வளையையே எடுத்துடப்போறாங்க. இப்பவே குசுகுசுன்னுதான் பேச வருது. வழியெல்லாம் பேசிக்கிட்டே வரேன்னு சொல்லியிருக்கா."

ராய்ஸ் திரும்பினார். வண்டிப் படியில் நின்ற டோரீனின் உதடுகள் அசைந்தன, ஒன்றும் கேட்கவில்லை. அவர் அருகில் போய்க் காதைக் கொடுத்தார்.

"அந்த மடையன்கிட்டச் சொல்லு, ராய்ஸ். என் சீட்டுப் பக்கத்து ஓரம் இன்னும் சரியா ஒட்டலை."