காதைக் கடிக்கும் மாமியார்

மருமகள் இங்கிலீஷ் படிக்க வந்தால், மாமியார் எதற்கு வால் பிடித்துக்கொண்டு வரணும்? அந்த மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் எல்லாருக்கும் இதே கேள்விதான். வாத்தியாருக்கும்தான்.

சேர்ந்த அன்றே மருமகள் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அடுத்த மாதம் பயணம். தனியாகத்தான் போகணும், பாதி வழியில் இறங்கி வேறு விமானம் மாறணும், தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். அதற்குள் நாலு வார்த்தை பேச வந்தாகணும்.

வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. சந்தேகம் இருந்தால் எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்கணும். அப்போதுதான் கூச்சம் போகும் என்பது வாத்தியாரின் கட்சி.

மாமியார் நொடிக்கொரு தரம் மருமகளின் காதைக் கடிப்பார். உடனே அவள் எழுந்து நிற்பாள். ட்ரிப்புக்கும் ஜர்னிக்கும் என்ன வித்தியாசம் என்பாள். லீவு என்றாலும் ஹாலிடே என்றாலும் ஒன்றுதானே என்பாள். பெட்டி நாலு இருந்தாலும் லக்கேஜ்தானா, லக்கேஜஸ் ஆகாதா என்பாள்.

"ஆன் ஹாலிடேன்னு சொல்றாங்களே சார், பஸ் மேல ஏறுற மாதிரி ஹாலிடே மேலயும் ஏறணுமா?" என்று ஒருநாள் கேட்டாளே பார்க்கணும். வகுப்பே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சும்மா சொல்லக்கூடாது, முதலில் சிரித்தவர் வாத்தியார்தான்.

மருமகள் முகம் சிவந்து உட்கார்ந்தாள். மாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

பாவம், அந்தப் பெண்ணை வகுப்பில்கூட அந்தம்மா நிம்மதியாக விடுவதில்லை என்று பின்வரிசை முணுமுணுத்தது. கிளிப்பிள்ளை மாதிரி ஆட்டி வைக்கிறாரே என்று வாத்தியாருக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று வகுப்பு முடிந்ததும், மாமியார் முன்னால் படியிறங்கிப் போனார். இதுதான் சமயம் என்று வாத்தியார் மருமகளை நிறுத்தினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நாளையிலிருந்து உங்க மாமியாரை வீட்டுலயே விட்டுட்டு வாங்க. அவங்க பக்கத்துல இருக்கறவரை உங்களுக்கு இங்கிலீஷ் வராது."

அவள் பதில் சொல்வதற்குள் கைப்பேசி அடித்தது. ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டுப் பேசினாள். விமானத்தைத் தவறவிட்ட யாரோ ஒரு வெள்ளைக்காரர் போலிருக்கிறது. அடுத்த விமானம் எது, எந்தக் கவுன்ட்டருக்குப் போகணும், பெட்டிகள் எங்கே வந்து சேரும் என்று தண்ணீர் பட்ட பாடாக இங்கிலீஷில் சொல்லி, அவரைச் சிரிக்கவும் வைத்து, போனை வைத்தாள்.

தான் இருபது வருஷமாகப் பேசும் இங்கிலீஷ் இவ்வளவு நன்றாக இருக்குமா என்று வாத்தியாருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நான் டிராவல்ஸ் கம்பெனியிலதான் சார் வேலை பாக்குறேன். பயணம் எனக்கில்ல, அத்தைக்கு. மகளைப் பாக்கப் போறாங்க. வீட்டுல நானே சொல்லிக்குடுத்துப் பாத்தேன், எனக்குப் பொறுமை கிடையாது. அதான் உங்ககிட்ட கூட்டிட்டு வந்தேன்."

"அப்போ அந்தக் கேள்வியெல்லாம்?"

"எல்லாமே அத்தையோட சந்தேகம்தான்."

வாத்தியாருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"அவங்களே எழுந்து கேக்க வேண்டியதுதானேம்மா? நீங்க எதுக்கு தினமும் நின்னு அவமானப்படணும்?"

கீழே காத்திருக்கும் மாமியாரை எட்டிப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"என்னைப் பாத்து நீங்க எல்லாரும் சிரிச்சா, படி இறங்கறதுக்குள்ள மறந்துடுவேன் சார். அவங்களைப் பாத்து சிரிச்சிருந்தா, மறுநாள் இந்தப் படி ஏறியிருக்கவே மாட்டாங்க."