வேளாங்கண்ணிச் செருப்பு

ஷிப்ட் முடிந்த கையோடு, புதுத் தோல் செருப்பை மாட்டிக்கொண்டு பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரை வரை நடந்துவிட்டு, நொண்டியபடி வீட்டுக்குள் வந்தான் யேசுராஜ். வேளாங்கண்ணி நடைபயணத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

அவன் மனைவி லூர்து மேரிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"நேத்து தோள்பையில அரிசிய ரொப்பித் தூக்கிப் பாக்குறேன்னு முதுகு புடிச்சிக்கிச்சு. இன்னிக்கு இதுவா? குதிகால் பாதி வெளிய நிக்குது, கழட்டித் தொலைய்யா!"

"சுண்டுவிரலாண்ட இன்னும் கடிக்குது. நாளைக்கும் நடந்தா பதமாயிடும்" என்றான் அவன், கொப்புளத்தில் எண்ணெய் தடவிக்கொண்டே.

நடைபயணம் போகும் பக்கத்து வீட்டு ரோஸி எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணே, நீயும் எங்க கூட வர்றியா?"

"எனக்கு எவன் லீவு தருவான்? வேண்டிக்கினதும் உங்க அண்ணி, நடக்கப் போறதும் அவதான்."

"சொன்னா கேக்குற ஜென்மமா இது!" என்று முணுமுணுத்தபடி லூர்து மேரி அந்தச் செருப்பில் காலை நுழைத்தாள்.

எங்குமே கடிக்கவில்லை.