திரும்பி வந்தவர்

பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்ட கையோடு இருதயராஜும் செல்வநாயகியும் போட்டோ ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது.

"இருபது வயசுலயே கல்யாணம் ஆன மாதிரி, பழைய கறுப்பு வெள்ளைப் படமா வேணும்மா" என்றார் இருதயராஜ்.

ஸ்டூடியோ நடத்தும் மும்தாஜ் இருவரையும் படம் எடுத்து, கணினியில் அதன் வண்ணங்களை நீக்கி, ஓரங்களை மங்க வைத்தாள். பிறகு அவர் கேட்டபடி முகச் சுருக்கங்களையும் அழித்தாள். திரையில் ஓர் இளைஞன் சிரித்தான்.

செல்வநாயகி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவன் எங்கப்பாவுக்குப் பயந்து என்னை விட்டுட்டு ஓடுனவன். எனக்குத் திரும்பி வந்தவருதான் வேணும்."

இருதயராஜ் தலைகுனிந்தார். மும்தாஜ் சுருக்கங்களை மறுபடி கொண்டுவந்தாள். "கலரையும் போட்டுரட்டுமாம்மா?"

"வேணாம், கறுப்பு வெள்ளையே இருக்கட்டும்" என்று செல்வநாயகி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "மீசைக்கு டை அடிச்சிருக்காரு. கலர்ல தெரிஞ்சுரும்."