அட்டைக்குப் புகையிலை

சிறை வாசலில் வெயில் இன்னும் சூடேறவில்லை. ரோசம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கட்டுப் புகையிலையை நீட்டியபடியே நிற்கிறாள். மலாயாவின் புக்கிட் செலம்பாவ் ரப்பர் தோட்டத்திலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவந்தது. வார்டர் மஜீத் அதைத் தொடக்கூட இல்லை. “புகையிலை உள்ள போகக்கூடாது தங்கச்சி. புதுச் சட்டம். எவனோ பீடி குடிச்சுப் பாயைக் கொளுத்திட்டான்.” “எங்க வீட்டுக்காரரு பீடியே குடிக்கமாட்டாருங்க. இது ரத்தம் உறிஞ்சுற அட்டைக்கு. சதுப்புல புல்லு வெட்ட விடுறீங்கல்ல? தோட்டத்துல நாங்க இதை ஊறவச்சு, துணியோட காலுல சுத்திக்கிட்டுத்தான் பால் வெட்டப் போவோம்.” “அட்டைக்குன்னா விடலாம்னு சட்டத்துல இல்லையே.” “அப்ப நெருப்புப் பெட்டியத் தடுங்க! காலுல நனைஞ்சு கெடக்குற புகையிலையை எவன் பத்தவைப்பான்?” அவள் குரல் மதில்வரை போய்த் திரும்புகிறது. மஜீத் கொட்டாவி விடுகிறான். பெரிய கதவு கிரீச்சிட்டுத் திறக்கிறது. புல்வெட்டும் கத்திகளோடு கைதிகள் வரிசையாக வெளியே வருகிறார்கள். நடுவில் வரும் இஞ்ஞாசிமுத்து மனைவியைப் பார்த்துச் சிரிக்கப் பார்க்கிறான். முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்த இடமெல்லாம் சொறிந்து சொறிந்து புண்ணாகி, ஈ மொய்க்கிறது. பேச நிற்கவிடாமல் வரிசை அவனைத் தள்ளிக்கொண்டு போகிறது. அவர்களோடு காவலுக்குப் போகவேண்டிய மஜீத், துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சுற்றியிருக்கும் காக்கிப் பட்டியை இழுத்து இறுக்குகிறான். அதிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்து பூட்சில் வழிகிறது. ரோசம்மாவின் உள்ளங்கையில் அடிக்கும் அதே புகையிலை நெடி.