வாட்டம்

கட்டெறும்பு ஒன்று தன் முட்டைகளை ஒவ்வொன்றாக மொட்டைமாடியைக் கடந்து, கைப்பிடிச் சுவரில் இருந்த பொந்துக்குக் கொண்டுபோனது. கடைசி முட்டையோடு மாடியின் நடுவுக்கு வந்தபோது மழை கொட்டத் தொடங்கியது. ஒதுங்க ஒரு மேடுகூட இல்லை. எறும்பு முட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் அதன் முழங்கால்வரை ஏறிவிட்டது.

“மழையே, இங்கே தேங்கிவிடாதே! என் பிள்ளை மூழ்கிவிடும்!” என்று கதறியது.

“தங்கலாம் என்றுதான் வந்தோம்,” என்றது மழைநீர். “நிற்க முடியவில்லையே! யாரோ எங்களைக் கைபிடித்து அழைத்துப் போகிறார்கள்.”

எறும்பு திரும்பிப் பார்த்தது. மாடி முழுக்க விழுந்த தண்ணீர் அத்தனையும் ஒரே மூலையை நோக்கி அமைதியாக நடந்து, அங்கிருந்த குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மழை எவ்வளவு வலுத்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவே இல்லை.

மழை விட்டது. முட்டை பத்திரமாக இருந்தது. எறும்பு மீசையால் தரையைத் தடவித் தடவிப் பார்த்தது. அதற்கு எல்லாம் சமமாகத்தான் தெரிந்தது.

“தளமே, ஒரு வானத்துத் தண்ணீரை எப்படி அனுப்பிவைத்தாய்?”

“நான் எங்கே அனுப்பினேன்?” என்றது தளம். “கொத்தனார் அந்த மூலைக்குக் கொஞ்சம் சரிவாக வாட்டம் வைத்துப் பூசினார். நான் அப்படியே படுத்திருக்கிறேன்.”