மாதனூர் கைவண்டி

"மாத்தலைன்னா மாத்தலைதான் சாயபு! எத்தினி வாட்டி சொல்றது?"

காசிநாத முதலியாருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஆம்பூர்த் தோல் வியாபாரி நயீம் அகமது ஜட்காவில் வந்து வாசலில் நின்றதிலிருந்து இதே கேள்விதான். விற்பனைக்கு நிற்கும் இந்த ஸ்போர்ட்ஸ் காரில் யாராவது எதையாவது மாற்றியிருக்கிறார்களா?

அதை இறங்கி வந்து கேட்டால்தான் என்ன? மடியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஜட்காவை விட்டு அசையாமல், நவாபு மாதிரி அங்கிருந்தே கேள்வி. காரைச் சோதிக்க அனுப்பியிருப்பது யாரை என்றால், ஜட்கா ஓட்டும் கன்னியப்பனை! அவன் குதிரைக்குப் பல் பிடித்துப் பார்ப்பவன்போல் காரின் முகப்பில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலியார் கோபத்தை விழுங்கினார். இந்தக் கார் இன்று போயே ஆகவேண்டும். தோல் பதனிட உதவும் ஆவாரம்பட்டை வியாபாரம் செய்கிறவருக்கு, இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிவப்புக் கார் எதற்கு? பெங்களூரில் ஏலத்தில் பார்த்தார், மதிமயங்கினார், வாங்கிவிட்டார். நிறுத்த இடமில்லாமல் பசுவை அவிழ்த்து வெளியே கட்டிவிட்டு, மாட்டுக் கொட்டகையில் காரை விட்டார். அன்றைக்கே அவர் மனைவி சம்பூர்ணம் கிளம்பிவிட்டாள்.

"மாடு மழையில நிக்கணும், உங்க சீமை வண்டி உள்ள நிக்கணுமா? அது போனப்புறம் ஆள் அனுப்புங்க, வர்றேன்."

பசுவையும் ஓட்டிக்கொண்டு பள்ளிகொண்டாவிலிருக்கும் தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அன்றுமுதல் முதலியார் தானே பொங்கி, தானே தின்று, தன்னையே திட்டிக்கொள்கிறார்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாங்காமல் போனதற்கு ஒரே காரணம்தான். காரை முன்பு வைத்திருந்த வெள்ளைக்காரத் துரையை முதலியார் கண்ணால் கண்டதில்லை. என்ன கிறுக்கோ, அவன் கிளட்ச்சை இடது காலால் மிதிக்காமல் கையால் இழுக்க ஒரு இரும்புக் கோலைப் பொருத்தி வைத்திருந்தான். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னா முதலியாரே, கைவண்டியா?" ஊரும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டது. சீமைக் காருக்கு, மூட்டை இழுக்கிற கைவண்டியின் பெயர்! முதலியாருக்கு மானம் போயிற்று. வேலூரிலிருந்து மிஸ்திரியை வரவழைத்துக் கோலைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, பெயின்ட் அடித்து, கிளட்ச்சைப் பழையபடி காலுக்கே கொண்டுவந்துவிட்டார். பிடுங்கிய கோலைக் கொல்லன் அடித்து மாடு கட்டும் முளையாக்கிக் கொடுத்தான். அதைச் சமாதானத்துக்காகச் சம்பூர்ணத்துக்கு அனுப்பி வைத்தார். பசுவை இப்போது அதில்தான் கட்டுகிறாளாம்.

"கன்னியப்பா, ஸ்டீரிங் பக்கத்துல பாரு. கம்பி, கோலு, ஓட்டை ஏதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணும் இல்லீங்க சாயபு. வழவழன்னு இருக்குது."

சாயபுவின் முகம் வாடியது. விலையைக் கம்மி பண்ண நாடகம் ஆடுகிறார் என்று முதலியார் நினைத்துக்கொண்டார்.

"கிளட்ச் கால்லதானே முதலியாரே?"

"பின்ன? மனுசன் கால்லதானே மிதிப்பான்! எல்லாம் சீமையில கம்பெனிக்காரன் வச்ச மேனிக்கே இருக்குது."

"ஊர்ல இதைக் கைவண்டின்னு சொல்றாங்களாமே?"

முதலியாருக்குத் திக்கென்றது. "வயித்தெரிச்சல் சாயபு! நானே கையால துடைச்சுத் துடைச்சு வச்சிருக்கேன் இல்ல, அதைப் பாத்துட்டுக் கிண்டல் பண்றானுங்க."

"அப்போ நிஜமாவே யாரும் இதுல எதுவும் பண்ணல?"

முதலியாரின் பொறுமை அதோடு தீர்ந்தது. "பெரிய பேஜாரா இருக்குது உங்களோட!" என்று கத்தியவர், பள்ளிகொண்டா பெருமாள் கோயில் இருக்கும் திசையில் கையை நீட்டினார். "அந்த ரங்கநாதர் மேல சத்தியம்! இந்த வண்டியில ஒரு ஆணியைக்கூட எவனும் மாத்தல. போதுமா?"



"போதும் முதலியாரே. நல்ல வண்டிதான். ஆனா எனக்கு ஆகாது."

"ஐயோ, ஏன் சாயபு? மாத்தாத வண்டின்னா ஒசத்திதானே?"

சாயபு மடியிலிருந்த சால்வையை விலக்கினார். பைஜாமாவின் இடது கால் முழங்காலோடு மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"யுத்தத்துல ஒரு கால் போன துரை ஒருத்தர் பெங்களூர்ல இருந்தார். கிளட்ச்சைக் கையால இழுக்கற மாதிரி மாத்தி, அவரே கார் ஓட்டுவார். அந்தக் கார் ஏலத்துல மாதனூருக்குப் போச்சுன்னாங்க. அது கெடைச்சா, இன்னொருத்தர் தயவு இல்லாம நானே எங்கேயும் போய் வரலாம்னு ஒரு ஆசை. முன்னாடியே சொன்னா, விக்கறவங்க இல்லாததையும் இருக்குதுன்னுவாங்க. அதான் சொல்லல."

முதலியார் ஜட்காவின் பக்கத்தில் ஓடிவந்தார். "சாயபு... அது... இந்த வண்டிதான் சாயபு!"

சாயபு வருத்தத்தோடு சிரித்தார். "என் மேல இரக்கப்பட்டுச் சொல்றீங்க. உங்க சாமி மேல சத்தியம் பண்ணிட்டீங்களே, அதுக்கப்புறமும் நான் சந்தேகப்பட்டா பாவம் எனக்குத்தான். கன்னியப்பா, வண்டியைத் திருப்பு."

ஜட்கா தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டது. பள்ளிகொண்டாவில் அந்தக் கோலில் கட்டிய பசு நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.